மலைநாட்டுச் சரிவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கூட்டரும் ஸ்கேட்போர்டும்: எங்கே, எப்படி ஓட்ட விடுவது?

மேட்டுலயத்து அம்மா (தலவாக்கலைப் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி லீவில் வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு தள்ளு ஸ்கூட்டரும் ஒரு ஸ்கேட்போர்டும் கொண்டுவந்தான். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நாலு. இரண்டு சாமானும் இப்போது அலுமாரி மேல் இருக்கின்றன. தினமும் அழுகை.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) முன்னால் உள்ள கொங்கிரீட் ரோடு பணிய (கீழ்) லயத்தைத் தாண்டி நேராகப் போய் பஸ் ரோட்டில் விழுகிறது. சமதரை என்று சொல்ல இஸ்தோப்பு (முன் விறாந்தை) மட்டும்தான். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனால் அந்திக் கொழுந்து நிறுவை (எடை போடுவது) முடிந்த பிறகுதான் வருவோம். அதுவரை அம்மாயிதான் (பாட்டி) பிள்ளைகளைப் பார்க்கிறார். அவருக்கு முழங்கால் வலி, எட்டி நடக்கக்கூட முடியாது.

இணையத்தில் தேடினால் எல்லாம் பூங்கா, நடைபாதை என்று எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி யாராவது சொல்லுங்கள். எந்த வயதில் எதைக் கொடுக்கலாம்? ஹெல்மட் எப்படிப்பட்டது வாங்க வேண்டும்?

பேரிங் வண்டி (பண்டாரவளை)

தங்கச்சி, முதலில் அதை அலுமாரியில் இருந்து இறக்குங்கள். நாங்கள் கராஜில் கழித்துப்போட்ட பேரிங்கைப் பொறுக்கி, பலகையில் அடித்து, தோட்டத்து ரோடு முழுக்க உருண்டவர்கள். முழங்காலில் தழும்பு இல்லாத பிள்ளை எங்கள் டிவிஷனில் இருந்ததில்லை. விழுந்தால்தான் பிள்ளைக்கு உடம்பைப் பிடித்து நிற்கத் தெரியும். ஃபோனை வைத்துக்கொண்டு மூலையில் கிடப்பதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது.

முடக்கு ஹோன் (ஹட்டன்)

அண்ணா, நான் பஸ் ஓட்டுகிறவன். பொகவந்தலாவை ரோட்டில் தினமும் போய்வருகிறேன். நீங்கள் பேரிங் வண்டியில் உருண்ட காலத்தில் தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறியும் துரையின் (தோட்ட மேனேஜர்) ஜீப்பும்தான் வந்திருக்கும். இன்றைக்கு லயத்துக்கு லயம் ஆட்டோ நிற்கிறது. மோட்டார் சைக்கிள் எத்தனை என்று எண்ண முடியாது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகிறவர்கள், நம் ரோட்டுப் பழக்கமே இல்லாதவர்கள், வேன் வேனாக வருகிறார்கள்.

ஒரு டிரைவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அம்மாமார் தெரிந்துகொள்ள வேண்டும். முடக்கில் ஹோன் அடித்தால் நடந்து வருகிற ஆள் ஒதுங்குவார். கிளைரோட்டில் இருந்து உருண்டு வரும் பிள்ளைக்கு ஒதுங்க வழியில்லை. பஸ்ஸின் மூக்குக்குக் கிட்டே வந்துவிட்டால் அந்த உயரத்துப் பிள்ளை கண்ணாடி வழியே எனக்குத் தெரியவே தெரியாது. பலகையில் உட்கார்ந்தோ படுத்தோ வந்தால் தூரத்தில் இருந்தும் தெரியாது. பனிமூட்டம் இறங்கினால் சொல்லவே வேண்டாம்.

பிரேக் அடித்தவுடன் பஸ் நிற்காது. இறக்கத்தில், மழை ரோட்டில், ஆள் நிரம்பிய பஸ் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பது ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். பஸ் ரோட்டில் போய் விழுகிற எந்த இறக்கத்திலும் பிள்ளையை ஓட்ட விடாதீர்கள். இது மட்டும் என் வேண்டுகோள்.

விஞ்ஞான சேர் (ஹாலிஎல)

டிரைவர் தம்பி சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. சரிவில் உருளும் சாமானின் வேகத்தைத் தீர்மானிப்பது ரோட்டின் நீளத்தைவிட, மொத்தம் எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பதுதான். அரை மீட்டர், அதாவது நம் முழங்கால் உயரம் இறங்கினால் மணிக்கு 11 கிலோமீட்டர் வரை போகும். ஒன்றேகால் மீட்டர் இறங்கினால் 18. ஐந்து மீட்டர் இறங்கினால் 36. உராய்வும் காற்றும் இதில் கொஞ்சம் குறைக்கும். நல்ல பேரிங் போட்ட சக்கரத்தில் அதிகம் குறையாது.

மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது ஆறு வயதுப் பிள்ளையால் ஓடக்கூடிய வேகம் அல்ல. அந்த வேகத்தில் பலகையை விட்டுக் குதித்தால் கால் ஈடுகொடுக்காது, முகம் குப்புற விழும். அதனால்தான் சமதரையில் வெறும் சிராய்ப்போடு போகிற விழுகை, மலைநாட்டில் எலும்பு முறிவாகிறது.

நான் பெற்றோருக்குச் சொல்வது இதுதான். ஓட்டும் இடத்தின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் முழங்கால் உயரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மலையில் பழகிய கண்ணுக்குச் சரிவும் சமமாகத்தான் தெரியும். பந்தை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக உருள்கிறதோ, ஸ்கூட்டரும் அந்தப் பக்கம்தான் போகும். பந்து போய் நிற்கிற இடத்தில் கானோ மதகோ ரோடோ இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

மேட்டுலயத்து அம்மா

சேர், இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி. அப்படியென்றால் எங்கள் வாசல் ரோடு முற்றாக இல்லை. வயதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள், மகள்தான் அதிகம் அடம் பிடிக்கிறாள்.

பதுளைத் தாதி

நாலு வயதுக்கு ஸ்கேட்போர்ட் வேண்டாம் அக்கா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டே கொடுக்கக்கூடாது என்கிறது. ஆறு முதல் பத்து வயது வரை பெரியவர் ஒருவர் கிட்டவே நிற்க வேண்டும். தள்ளு ஸ்கூட்டர் என்றாலும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தனியே விடக்கூடாது.

காரணம் பிள்ளையின் உடம்பிலேயே இருக்கிறது. சின்ன வயதில் உடம்போடு பார்க்கும்போது தலை பெரிது, பாரமும் தலைப்பக்கம்தான் அதிகம். விழும்போது தலைதான் முதலில் போகும். கையை ஊன்றித் தடுக்கிற வேகமும் அந்த வயதில் வராது. வருகிற வாகனம் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்கவும் தெரியாது. பிள்ளை கெட்டிக்காரியாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மகளுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முன்னால் இரண்டு சக்கரம் உள்ள மூன்று சக்கர ஸ்கூட்டர் நல்லது. சமதரையில், நீங்கள் கை எட்டும் தூரத்தில் நின்றால் போதும். அண்ணனும் தங்கச்சியும் ஒரே ஸ்கூட்டரில் ஏறுவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். பாரம் கூடினால் பிரேக் பிடிக்காது, விழும்போது பெரியவன் சின்னவள் மேல் விழுவான்.

நுவரெலியா போர்ட்

நான் இங்கே ஸ்கேட்போர்ட் ஓட்டுகிறவன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். சாமானைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா.

ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது. கால்தான் பிரேக். அதனால் என்னிடம் வரும் பிள்ளைக்கு முதலில் நிற்கத்தான் சொல்லிக்கொடுப்பேன். தள்ளுவது, திரும்புவது எல்லாம் அப்புறம். முதலில் புல் மேல் பலகையை வைத்து ஏறி இறங்கிப் பழக வேண்டும், சக்கரம் ஓடாது, பயமும் போகும். பிறகு சமதரையில் மெதுவாகத் தள்ளி, பின்காலைத் தரையில் உரசி நிறுத்துவது. அடுத்தது பலகையை விட்டு இறங்கி இரண்டு எட்டு ஓடி நிற்பது. சொன்ன இடத்தில் சொன்னவுடன் நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த பாடம் கிடையாது.

விழவும் பழக்க வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும், விறைத்த கையை ஊன்றாமல் தோள்பட்டைப் பக்கம் உருள வேண்டும். இதையும் புல்லில்தான் பழக்குவேன். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, சலிக்கவே சலிக்காது.

தள்ளு ஸ்கூட்டரில் பின்சக்கரத்து மேல்மூடியை மிதித்தால் பிரேக். சமதரைக்கு அது சரி. நம் இறக்கத்துக்கு அது போதவே போதாது, சக்கரம் நனைந்தால் வழுக்கிக்கொண்டே போகும். ஓட்ட விடுவதற்கு முன் மடக்கும் பூட்டு இறுகியிருக்கிறதா, கைப்பிடித் தண்டு ஆடுகிறதா, பிடி சுழல்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் நல்லது.

சக்கரம் சின்னது என்பதை மறக்கக்கூடாது. ஒரு கூழாங்கல், கொங்கிரீட் வெடிப்பு, ஒரு விறகுக்குச்சி போதும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். பிள்ளை நிற்காது, முன்னால் போகும். ஓட்டும் இடத்தை விளக்குமாற்றால் கூட்டிவிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். ரப்பர் செருப்போடு ஏற விடவும் மாட்டேன். பாடசாலைக்குப் போடுகிற கென்வஸ் சப்பாத்து போதும், லேஸை உள்ளே செருகிவிட வேண்டும்.

கொத்மலைப் பேத்தி

வீட்டில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இருக்கிறதே, அதைப் போட்டால் ஆகாதா? எங்கள் வீட்டில் தம்பியின் கிரிக்கெட் ஹெல்மட்டும் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கச் செலவு அதிகம்.

பதுளைத் தாதி

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. பெரியவர்களுடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மட் சின்னக் கழுத்துக்குப் பாரம், தலைக்குள் சுற்றும், பின்னால் வருகிற சத்தமும் கேட்காது. கிரிக்கெட் ஹெல்மட் பந்துக்காகச் செய்தது. பிள்ளை மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபடுவதற்குச் செய்ததல்ல.

சைக்கிள் ஹெல்மட் அல்லது ஸ்கேட் ஹெல்மட் வாங்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஈஎன் 1078 என்று இருக்கிறதா பாருங்கள். அது ஐரோப்பியத் தரம், சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் பொதுவானது. அமெரிக்கத் தயாரிப்பு என்றால் சீபிஎஸ்சி என்று இருக்கும்.

தலையில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. வார் காதைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் போதும். பிறகு பிள்ளையைத் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மட் நெற்றியில் ஏறி இறங்கினால் அது பெரிய ஹெல்மட். வளர்ந்த பிறகும் போடலாம் என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது நம் பழக்கம். உடுப்புக்குச் சரி, இதற்கு ஆகாது.

இன்னொன்று, குளிருக்குப் பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லா போட்டு அதற்கு மேல் ஹெல்மட்டை மாட்டுகிறார்கள். அப்படிப் போட்டால் ஹெல்மட் தலையில் உட்காராது, விழும்போது நழுவிப் பின்னால் போய்விடும். காது குளிரும் என்றால் வெயில் ஏறிய பிறகு ஓட்டட்டும். ஓட்டி முடித்தவுடன் ஹெல்மட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதோடு கொய்யா மரம் ஏறினால் வார் கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்கும்.

விஞ்ஞான சேர்

தாதி மகள் சொன்ன ஈஎன் 1078 பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பரிசோதனையில் ஹெல்மட்டை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து தட்டையான இரும்பில் விழவைக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் பிள்ளையின் தலை தரைக்கு வருகிற உயரத்தை அது தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டில் இருந்து உருண்டு வந்து மதகுக் கட்டில் மோதுவதற்கு அது போதாது. ஹெல்மட் போட்டிருக்கிறான்தானே என்று இறக்கத்தில் விடுவது கூடாது. இடம்தான் முதலில், ஹெல்மட் அதற்குப் பிறகு.

பலமாக அடிபட்ட ஹெல்மட்டை மறுபடி போடவும் கூடாது. சைக்கிள் ஹெல்மட்டில் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கியே பிள்ளையைக் காப்பாற்றுகிறது. வெளியில் கீறல்கூட இல்லாமல் இருக்கும், உள்ளே நசுங்கியிருக்கும். சந்தையில் பழைய ஹெல்மட் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

நுவரெலியா போர்ட்

மணிக்கட்டுக் காப்பையும் மறக்கக்கூடாது. ஸ்கேட்போர்டில் அதிகம் முறிவது மணிக்கட்டுத்தான். முழங்கால், முழங்கைக் காப்புகளோடு ஒரே செட்டாகவும் கிடைக்கும். செலவுக்குக் கஷ்டம் என்றால் முதலில் ஹெல்மட், அடுத்தது மணிக்கட்டு. முழங்காலுக்குத் தடித்த காற்சட்டை கொஞ்சம் உதவும்.

இதெல்லாம் பயந்தவர்களுக்கு என்று பெரிய பையன்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு பிரிட்டனின் ஸ்கேட்போர்ட் வீராங்கனை ஸ்கை பிரவுனைக் காட்டுங்கள். 2020இல் பயிற்சியின்போது விழுந்து அவளுக்கு மண்டை ஓட்டில் முறிவு, இடது மணிக்கட்டிலும் முறிவு. அப்போது 11 வயது. ஹெல்மட்டும் கையும்தான் உயிரைக் காப்பாற்றின என்று அவளே சொன்னாள். அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினாள். அப்படிப்பட்டவளே ஹெல்மட் இல்லாமல் ஏறவில்லை.

பேரிங் வண்டி

டிரைவர் தம்பியின் பதிவையும் சேருடைய கணக்கையும் வாசித்தேன். ரோடு வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் ரோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு இடம் காட்டாமல் விட்டால், நாம் மலைக்குப் போன நேரம் பிள்ளைகள் ரோட்டுக்குத்தான் போவார்கள். விளையாட்டை நிறுத்த முடியாது. இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தங்கச்சி, உங்கள் தோட்டத்தில் பிரட்டுக்களம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம், எப்படி இருக்கிறது? காலையில் பிரட்டு முடிந்தால் பல தோட்டங்களில் நாள் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். இல்லாவிட்டால் கோயில் முன்வாசல், வாசிகசாலை முற்றம், பாடசாலையின் வலைப்பந்துத் தரை. மலையை வெட்டிச் சமன் செய்த இடம் ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். தோட்டத்துத் தலைவரிடம் சொல்லுங்கள், அவர் துரையிடம் கேட்கட்டும். தனியாக ஒரு அம்மா கேட்பதைவிட நாலைந்து குடும்பம் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

முடக்கு ஹோன்

பாடசாலைத் தரை என்றால் கேட்டைப் பூட்டச் சொல்லுங்கள். வாகனம் நுழைகிற இடமாக இருந்தால் வாசலுக்குக் குறுக்கே வாங்கைப் போட்டுவிடுங்கள். ஸ்டோர் வாசல் வேண்டவே வேண்டாம், லொறி பின்னால் எடுக்கிற இடம் அது. பிள்ளைகளுக்கு மஞ்சளோ சிவப்போ பளிச்சென்று ஒரு மேலுடுப்புப் போட்டுவிடுங்கள்.

மேட்டுலயத்து அம்மா

பிரட்டுக்களம் இருக்கிறது அண்ணா. தார் போட்டது, பந்து வைத்துப் பார்த்தேன், மெதுவாக ஒரு மூலைக்குப் போய் நிற்கிறது. அந்த மூலையில் மண்மேடு. ரோட்டுப் பக்கம் சுவர் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பீலித் தண்ணீர் ஓடிக் கொஞ்சம் பாசி பிடித்திருக்கிறது, அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

எனக்குக் கவலை அம்மாயிதான். நான் இல்லாத நேரம் பிள்ளைகள் கேட்டால் அவர் பாவம் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கொத்மலைப் பேத்தி

அக்கா, எங்கள் வீட்டிலும் அம்மாயியிடம்தான் பிள்ளைகள். அவர்மேல் இந்தப் பாரத்தை வைக்கக்கூடாது. சைக்கிள் பூட்டுச் சங்கிலி ஒன்றை வாங்கி ஸ்கூட்டரையும் பலகையையும் ஜன்னல் கம்பியோடு பூட்டிவிடுங்கள், சாவி உங்கள் கூடையோடு மலைக்கு வரட்டும். என்னிடம் சாவி இல்லையே ராசா என்று அம்மாயி சொல்லிவிட்டால் அவர்கள் கோபம் அவர்மேல் திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை காலையும், நிறுவை முடிந்து வெளிச்சம் இருக்கும் நாளும் என்று நேரம் குறித்துக்கொண்டால் அழுகையும் குறையும். எங்கள் பிள்ளைகள் இப்போது நாளைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

பதுளைத் தாதி

பார்த்துக்கொள்வது என்றால் எங்கே நிற்பது என்றும் தெரிய வேண்டும். எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள், பிள்ளைக்கும் ஆபத்துக்கும் நடுவில். மேலே நின்றால் துரத்த வேண்டி வரும், பிடிக்க முடியாது. கையில் ஃபோன் வேண்டாம்.

விழுந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நம் பக்கம் நிறையத் தாமதம் நடக்கிறது. சிராய்ப்பை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோப்பித்தூள், தேயிலைத்தூள், பற்பசை எதுவும் அப்பாதீர்கள். ஊசிக் கார்டைப் பார்த்து ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டாயிற்றா என்று உறுதி செய்யுங்கள்.

கை வீங்கினாலோ, பிள்ளை கையைத் தொட விடாவிட்டாலோ, எண்ணெய் போட்டு உருவாதீர்கள். நாட்டு வைத்தியரை மதிக்கிறேன், ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற பகுதி, இருக்கிறது. அது விலகியிருக்கும்போது உருவினால் கை வளைந்து வளரலாம். மட்டைக் காகிதத்தையோ சுருட்டிய பத்திரிகையையோ அடியில் வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, கை அசையாமல் கொண்டுவாருங்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு மறுபடி ஓட்ட விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ இரத்தம் அல்லது தண்ணீர் போல வடிதல், இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருத்தல், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து ரோடு தெரியாமல் அவர்கள் சுற்றுவதைத் தவிர்க்க, ஒரு ஆளை பஸ் ரோட்டுச் சந்தியில் நிற்க வையுங்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ மயங்கிக் கிடந்தாலோ தூக்கி உட்கார வைக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

புசல்லாவை அப்பா

இடையில் ஒரு கேள்வி. என் மகனுக்கு 12 வயது. பெட்டரியில் ஓடும் ஸ்கூட்டர் கேட்கிறான். மேட்டிலும் ஏறும் என்கிறான். வாங்கலாமா?

நுவரெலியா போர்ட்

வேண்டாம் அண்ணா. தாதி அக்கா சொன்ன அதே சங்கம் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெட்டரி ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது என்கிறது. மேட்டில் ஏறும் என்பது உண்மைதான், ஏறியது இறங்கவும் வேண்டுமே. பாரமும் அதிகம், வேகமும் அதிகம். நல்ல பெரிய சக்கரத் தள்ளு ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மேட்டுலயத்து அம்மா

ஹெல்மட் இரண்டு வாங்கியாயிற்று, ஹட்டனில் கிடைத்தது. ஸ்கேட்போர்டை மகனுக்கும் இப்போதைக்குக் கொடுக்கவில்லை, ஸ்கூட்டரில் நிற்கப் பழகட்டும். மகளுக்கு மூன்று சக்கரம் தேடிக்கொண்டிருக்கிறேன். தலைவரும் சரி என்று சொல்லிவிட்டார், பணிய லயத்திலிருந்து இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.

இன்னொரு கேள்வி தம்பி. இங்கே மே தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை மழைதான். நனைந்தால் சக்கரம் கெட்டுப்போகுமா?

நுவரெலியா போர்ட்

கெட்டுப்போகும் அக்கா. பேரிங் துருப்பிடித்தால் ஒரு சக்கரம் இறுகும், ஸ்கூட்டர் ஒரு பக்கமாக இழுக்கும், பிள்ளை எதிர்பாராமல் விழும். ஈரத்தரையில் ஓட்டவே வேண்டாம். தூறலில் நனைந்துவிட்டால் துணியால் துடைத்து, சக்கரங்களைச் சுழற்றிக் காயவைத்து, பேரிங்குக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். மாதம் ஒருமுறை தலைகீழாக வைத்து ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றிப் பாருங்கள். சத்தம் வந்தாலோ சீக்கிரம் நின்றாலோ அந்தப் பேரிங்கை மாற்ற வேண்டும். சாதாரணமாக எல்லாவற்றுக்கும் 608 என்ற ஒரே அளவுதான். சைக்கிள் கடையில் இல்லாவிட்டால் பேரிங் விற்கிற கடையில் அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.